மூன்றாம் ஒலிக்கு உயர்ந்த கை

என் கணவரின் படகை மூழ்கடித்தவள் நான்.

தெரிந்தே செய்தேன். அவர் என்னைத் தம் காதாக நம்பி எதிரே உட்கார்ந்திருந்த வேளையில் செய்தேன். இன்றுவரை அவருக்கு அது தெரியாது... அல்லது தெரியுமா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு தவக்காலத்திலும் சாமியார் முன் மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். கோபப்பட்டேன், புறம் பேசினேன், பூசையைத் தவறவிட்டேன் என்றெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். இது மட்டும் தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விடுகிறது. அதனால்தான் முகம் தெரியாத உங்களிடம் வருகிறேன்.

ஒரு விளையாட்டுப் படகு மூழ்கியதற்கா இத்தனை பாடு என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

என் கணவர் பெயர் ஸ்டீபன். மலேசியாவில் குருண் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். ஓடும் இயந்திரத்தின் அருகே நின்று, சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நாற்பத்தொரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தார். காதுகள் இரண்டும் பிழைக்கவில்லை.

அபாய மணி கேட்காதவரை இயந்திரத்தருகே நிறுத்த முடியாதல்லவா? பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் ஒரு வார்த்தை முறையிடவில்லை. கூட்டாளிகள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். கோயிலில் பாட்டும் பிரசங்கமும் எட்டாமல் போனதால் ஞாயிறு பூசைக்கு வருவதையும் அவர் நிறுத்திக்கொண்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சுங்கைப் பட்டாணியில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் அவரும் நானும் மட்டும்.

நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பள்ளி விட்டு வந்ததும் அவருடைய காதாகிவிடுவேன். வங்கியில் நான் பேசுவேன். கிளினிக்கில் நான் பேசுவேன். தொலைபேசி வந்தால் நான் எடுத்து, உதடு தெரியும்படி நிதானமாகத் திருப்பிச் சொல்வேன். தெருவைக் கடக்கும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடி... எப்படிச் சொல்வேன்! கல்யாணமாகிப் பதினாறு வருடங்களில் அவர் என்னை அப்படிப் பிடித்ததே இல்லை.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் எல்லாவற்றையும் இழந்து நின்ற அந்த நாலு வருடங்களில், நான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

பிறகு படகு வந்தது.

குருணுக்குப் போகும் வழியில், ரப்பர் போய்ச் செம்பனை வந்த ஒரு தோட்டத்துக்குள் பெரிய குளம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் அங்கே கூடி ரிமோட் கண்ட்ரோல் படகு விடுவார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் உண்டு. ஒரு நாள் காரை ஓரம் நிறுத்தச் சொல்லி வேடிக்கை பார்த்தார் ஸ்டீபன். அடுத்த மாதமே ஒரு பழைய படகை வாங்கி வந்து சமையல் மேசையில் பிரித்துப் போட்டார்.

குளக்கரையில் யாரும் அதிகம் பேசுவதில்லை. எல்லாருடைய கண்ணும் தண்ணீரில், கை ரிமோட்டில். கட்டைவிரலை உயர்த்துவார்கள், தலையை ஆட்டுவார்கள், சிரிப்பார்கள். அங்கே காது கேளாதவர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது! அவரைக் குளக்கரையில் விட்டுவிட்டுப் பூசைக்குப் போவேன். பூசை முடிந்து நான் காரில் போய் இறங்கும்போது, முன்பின் அறியாத மனிதர்கள் நடுவில் என் கணவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். நான் நெருங்கியதை அவர் கவனிக்கவே சில நிமிடங்கள் ஆகும்.

எனக்கு வலித்தது. ஏன் வலிக்க வேண்டும்? சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்?

அவர் மோட்டாரைப் பற்றிப் பேசும்போது அவருடைய பழைய முகம் திரும்பி வரும். முந்தைய மோட்டார்களுக்குள் பிரஷ் என்று கரித்துண்டுகள் இருக்குமாம். அவை உரசி உரசித் தேய்ந்துபோகுமாம். பிரஷ்லெஸ் மோட்டாரில் அந்த உரசலே இல்லை. காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று தொடாமலேயே சுற்றுகின்றன. ஒழுங்காக அமைத்துக் கொடுத்தால் வருடக்கணக்கில் ஓடும் என்பார். ஆனால் குளக்கரையில் பலருடைய மோட்டார்கள் புகைந்துகொண்டுதான் இருந்தன. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"பிரஷ்லெஸ்ல தேயறதுக்கு ஒண்ணுமே இல்ல ரீட்டா. சூடுதான் அதுக்கு எதிரி. அது கெட்டுப்போச்சுன்னா, செட்டிங் வச்ச ஆளு மேலதான் தப்பு."

காது போன பிறகு அவருக்குத் தம் குரலின் அளவு பிடிபடுவதில்லை. இதைக் குளக்கரை முழுவதும் கேட்கும்படி சொன்னார். நான் சிரித்தேன்.

அந்த செட்டிங் வைப்பதற்குத்தான் அவருக்கு நான் தேவைப்பட்டேன். மோட்டாரை ஆட்டிவைக்கும் சிறு பெட்டி ஒன்று உண்டு, ஈ.எஸ்.சி. என்பார்கள். அவர் படகிலிருந்த பெட்டிக்குத் திரையும் இல்லை, விளக்கும் இல்லை. அது ஒலியால் மட்டுமே பேசும். ரிமோட்டின் விசையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு பேட்டரியைச் செருகினால், பீப்... பீப்... என்று வரிசையாக ஒலிக்கத் தொடங்கும். ஒவ்வொரு செட்டிங்கும் ஒரு விதமான ஒலி. வேண்டிய ஒலி வரும்போது விசையைக் கீழே இழுத்துவிட வேண்டும். தாமதித்தால் அடுத்ததற்குப் போய்விடும்.

ஆகவே நான் எதிரே உட்கார்ந்து கேட்பேன். வேண்டிய ஒலி வந்ததும் கையை உயர்த்துவேன். அவர் இழுப்பார். அவர் கண் என் கையை விட்டு அசையாது. அந்த நேரங்களை நான் எவ்வளவு விரும்பினேன் தெரியுமா! வாரத்தில் அந்தப் பத்து நிமிடமாவது நான் அவருடைய காதாக இருந்தேன்.

அலோர் ஸ்டாரில், மெர்கோங்கில் ரிமோட் வண்டிகளும் படகுகளும் விற்கும் கடை ஒன்றின் தவுக்கே, அதாவது முதலாளி, அந்தக் குளத்துக்கு வருவார். அறுபது வயதிருக்கும், அதிகம் பேசாத சீனர். கடையில் பிரஷ்லெஸ் செட் வாங்கிப்போகிறவர்கள் ஒரே மாதத்தில் புகைத்துக் கொண்டுவந்து சண்டை போடுகிறார்களாம். விற்பதற்கு முன்பே ஒவ்வொன்றையும் சரியாக அமைத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமென்று தேடிக்கொண்டிருந்தார். ஸ்டீபனின் படகு இரண்டு வருடமாக ஒரு முறைகூட நடுக்குளத்தில் நிற்காததைப் பார்த்திருக்கிறார்.

ஒரு ஞாயிறு, புது மோட்டாரும் பெட்டியும் கொண்டுவந்து ஸ்டீபன் கையில் கொடுத்தார். இதை உன் படகில் பூட்டு, அடுத்த வாரம் பேட்டரி தீரும்வரை முழு வேகத்தில் ஓட்டிக் காட்டு, மோட்டார் தொடக்கூடிய சூட்டில் கரை சேர்ந்தால் வேலை உனக்குத்தான் என்று கைப்பேசியில் மலாயில் தட்டிக் காட்டினார். ஸ்டீபன் அந்த வரிகளை என்னிடம் நீட்டினார்.

பெட்டி கட்டும் வேலையை விட்டுவிடலாம். மறுபடியும் இயந்திரம்! காது இல்லாமலும் அவரால் ஆகக்கூடிய இயந்திரம். காலை ரயிலில் அலோர் ஸ்டார், மாலை ரயிலில் வீடு. தாமே போய்த் தாமே வருவதாகச் சொன்னார். ரயிலின் நேரங்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டினார்.

நான் பயந்தேன். ரயில் மேடையில் அறிவிப்பு கேட்காதே... ஸ்டேஷனிலிருந்து மெர்கோங்வரை எப்படிப் போவார்... பின்னால் லாரி வந்தால்? அவர் பாதுகாப்புக்காகவே பயந்தேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது முழு உண்மை இல்லை. அவர் என் முழங்கையைப் பிடிக்காமல் தெருவைக் கடந்துவிடுவார் என்றுதான் பயந்தேன்.

சனிக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்துவிட்டு மோட்டாரையும் பெட்டியையும் வைத்தார். டைமிங் என்ற செட்டிங்கை மட்டும் மாற்ற வேண்டும். முதல் நிலைக்கு ஒற்றை பீப், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. மூன்றாம் நிலையில் வேகம் கூடும், சூடும் கூடும். இந்த மோட்டாருக்கு முதல் நிலைதான் சரி என்று ஒரு விரலைக் காட்டி எனக்கு விளக்கினார்.

"ஒண்ணு கேட்டதும் கை தூக்கு. சரியா?"

தலையாட்டினேன்.

ஒலிகள் தொடங்கின. பேட்டரி வகை போயிற்று, மற்றவை போயின. ஒற்றை பீப் வந்தது. பீப்... பீப்... பீப்... தெளிவாகக் கேட்டது. என் கை மடியில் இருந்தது.

அவர் கண்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நம்பிக்கையோடு!

இரட்டை பீப் வந்தது. கை எழவில்லை. உயர்த்திவிடலாமா, இன்னும் ஆபத்தில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அதுவும் போயிற்று. மும்மூன்றாக ஒலிக்கத் தொடங்கியது. அப்போது என் கை உயர்ந்தது. அவர் உடனே இழுத்தார். இமைக்கும் நேரம்கூடத் தாமதமில்லை. முகமெல்லாம் சிரிப்பாக என் கன்னத்தைத் தட்டினார்.

மறுநாள் படகு விடும்வரை எனக்கு நேரமிருந்தது. பூசையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து அவரைக் காரில் ஏற்றிக்கொண்டேன். குளத்துக்குப் போகும் வழியெல்லாம் சொல்லியிருக்கலாம். அவரை நிறுத்தி, மறுபடி ஒரு முறை செட்டிங் பார்க்கலாமா என்று கேட்டிருந்தால் போதும். படகு பாதியில் நிற்கும், தவுக்கே உதட்டைப் பிதுக்குவார், நாம் வீட்டுக்குப் போவோம்... அவ்வளவுதான் நடக்கும் என்று எண்ணினேன்.

படகைத் தண்ணீரில் விட்டார்.

அது பறந்தது! அந்தக் குளத்தில் அப்படி ஒரு வேகத்தை யாரும் பார்த்ததில்லை. தண்ணீரை இரண்டாக வகிர்ந்துகொண்டு போயிற்று. நின்றவர்களெல்லாம் கைதட்டினார்கள். ஸ்டீபன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாண நாளில்கூட அவர் அப்படி என்னைப் பார்த்ததில்லை. கேட்கிறதா, எல்லாரும் கத்துகிறார்களா என்று கண்ணாலேயே கேட்டார். நான் தலையாட்டினேன். என் தவறு அவருக்குக் கொடுத்த மகிழ்ச்சி அது... இரண்டு சுற்றுக்கு.

மூன்றாவது சுற்றில் வேகம் தடுமாறியது. படகின் நடுவிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் சூட்டில் இளகிக் கழன்றதாகப் பிறகு தெரிந்தது. உள்ளே தண்ணீர் ஏறியது. முன்பக்கம் சாய்ந்தது. ஒரு நிமிடத்தில் அங்கே வெறும் வட்டங்கள்.

ஸ்டீபன் ரிமோட்டைப் புல்லில் வைத்தார். செருப்பைக் கழற்றவில்லை, எதையும் யோசிக்கவில்லை. நேராகக் குளத்துக்குள் நடந்தார். முழங்கால், இடுப்பு, மார்பு... அடியில் சேறு. நான் கத்தினேன். போகாதீங்க, போகாதீங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். கரையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒருவருக்குத்தான் கேட்கவில்லை.

கழுத்தளவு தண்ணீரில் முங்கி முங்கித் தேடிப் படகை எடுத்து வந்தார். மூடியைத் திறந்து மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். கம்பிச் சுருள் கருகிய வாடை. தண்ணீருக்குள் கிடந்தும் சூடு முழுதாகத் தணியவில்லை.

தவுக்கே கோபப்படவில்லை. அவர் தோளில் கை வைத்து, "தாப்பா லா, ஸ்டீபன்" என்று உதடு தெரியச் சொன்னார். பரவாயில்லை என்று அர்த்தம். அடுத்த மாதம் அந்த வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது கார் சீட்டெல்லாம் ஈரம். ஜெராய் மலை பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. மலையைப் பார்த்தபடி அவர் பேசினார். பக்கத்திலிருந்த எனக்கே எட்டியும் எட்டாத மெல்லிய குரலில்.

"நான்தான் லேட்டா இழுத்துட்டேன் போல. நீ சரியாத்தான் தூக்கின. என் கைதான் ஸ்லோவாயிடுச்சு."

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? காரை நிறுத்தியிருப்பீர்களா? அவர் முகத்தைத் திருப்பி, உங்கள் கை ஒரு இமை நேரம்கூடப் பிந்தவில்லை என்று சொல்லியிருப்பீர்களா?

நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

அன்றுமுதல் அவர் தம் கையை நம்பவில்லை. காது போனபோதுகூட உடையாத மனிதர்! தேநீர்க் கோப்பையை இரு கையாலும் பிடித்தார். ஆணி அடிக்க வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னார். ரயில் நேரத்தாளை அவரே கிழித்து எடுத்தார். ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் மிஞ்சியது. ஈரத் துணியால் தேய்த்து அதையும் நான் எடுத்தேன்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவர் வீட்டிலேயே இருந்தார். தெருவில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை என்னால் தாங்க முடியவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, நானே வற்புறுத்தி, ஒரு புது மோட்டாரும் அதே மாதிரிப் பெட்டியும் வாங்க வைத்தேன். பரிகாரம் என்று நினைத்தேன் போலும். பழையபடி மேசை, பழையபடி எதிரெதிரே. இம்முறை ஒற்றை பீப் வந்த கணமே கையை உயர்த்த வேண்டுமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒலி வந்தது. என் கை எழும் முன்பே அவர் சொன்னார்:

"ஒண்ணு."

விசையை இழுத்தார்.

அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இடக்கை ஆள்காட்டி விரல் மோட்டாரின் மேல் படிந்திருந்தது. பெட்டி பேசுவதாக நான் நினைத்தது தவறு. பெட்டி மின்சாரத்தைத்தான் விட்டு விட்டு அனுப்புகிறது. மோட்டார்தான் அதற்கு அதிர்ந்து ஒலிக்கிறது. தொட்டால் விரலுக்குத் தெரியும். நானும் தொட்டுப் பார்த்தேன். எறும்பு கடிப்பதுபோல மெல்லிய துடிப்பு... ஒன்று... ஒன்று... ஒன்று.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன்.

"படகு முழுகினதுக்கு அப்புறம்தான். முன்னாடி படகுல இருந்த பழைய மோட்டார வச்சுப் பழகினேன். நீ ஸ்கூலுக்குப் போன நேரம்."

அவ்வளவுதான் சொன்னார். என் முகத்தைப் பார்த்தார். கோபமா, கேள்வியா, வெறும் பார்வையா... எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஆயிரம் பிள்ளைகளின் கையெழுத்தைப் படித்தவள் நான்!

கை பிந்திவிட்டது என்று நம்பி, அதைச் சரிசெய்யப் பழகினாரா? என் கையின் மேல் சந்தேகம் வந்து பழகினாரா? கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

இன்றும் செட்டிங் வைக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுகிறார். நான் தேவையே இல்லை. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார் என்கிறார். நான் கேட்கிறேன், கை உயர்த்துகிறேன். அவர் விரல் மோட்டாரின் மேல் இருக்கிறது. அது அன்பா, சோதனையா? ஒவ்வொரு முறையும் இரண்டுமாக எனக்குத் தோன்றுகிறது.

தொழிற்சாலையில் இன்னும் பெட்டிதான் கட்டுகிறார்.

ஒன்றை மறைத்தால் உங்களிடமும் பொய் சொன்னவளாவேன். நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். பல முறை! வாய் திறந்து, முழு வாக்கியமாக... அவர் முதுகு காட்டி நிற்கும்போது. அவர் மீன் கழுவும்போது சொல்லியிருக்கிறேன். சட்டை மாட்டும்போது சொல்லியிருக்கிறேன். கோழையின் பாவசங்கீர்த்தனம்.

போன ஞாயிறும் சொன்னேன். அவர் பின்கட்டுத் தொட்டியில் படகின் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

"என்னங்க, அன்னிக்கு உங்க கை லேட்டே இல்ல. மூணாவதுக்குத்தான் நான் கை தூக்கினேன். தெரிஞ்சேதான் தூக்கினேன்."

ஏன் என்று தெரியவில்லை, அவர் திரும்பினார். என் உதடுகள் அப்போதுதான் மூடிக்கொள்வதைப் பார்த்துவிட்டார்.

"என்ன சொன்ன?"

இதோ, இப்போது... ஒரு முறை, நிதானமாக, உதடு தெரியும்படி!

"மழை வரும் போல இருக்கு. கொடியில துணி கிடக்குன்னு சொன்னேன்."

அவர் படகை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம் இல்லை. பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கொடியிலிருந்த ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, இன்னும் காயாத துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.